வருஷத்துக்கு மூணு வெட்டு

கடைக்காரர் கேள்வியை என் தம்பியிடம் கேட்டார். பதிலை நான் சொன்னேன். அடுத்த கேள்வியையும் அவர் தம்பியிடமே கேட்டார்.

"வண்டி எத்தனை ஹெச்.பி. சார்?"

தம்பி என்னைப் பார்த்தான். "முப்பத்தஞ்சு," என்றேன்.

"பின்னாடி ஷாஃப்ட்ல எவ்வளவு பவர் வரும் சார்?"

"புதுசுல முப்பது வந்துச்சு. இப்ப இருபத்தெட்டுன்னு வச்சுக்குங்க."

"ஹைட்ராலிக் எவ்வளவு வெயிட் தூக்கும் சார்?"

நான் அந்தக் கடையில் இல்லவே இல்லை. தம்பியின் பக்கத்தில் ஒரு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பத்தொன்பது வருஷமாக டிராக்டர் ஓட்டுகிறேன். தண்ணீர் டேங்க், செங்கல், மணல், கல்யாண வீட்டுப் பந்தல் கம்பு என்று நான் இழுக்காத சுமை கிடையாது. எங்கள் பக்கத்தில் என்னை டிரைவரம்மா என்றால்தான் தெரியும். பெயரைச் சொன்னால் யார் அது என்பார்கள். தம்பியோ ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் மேனேஜர். அவன் காரைப் பின்னால் எடுக்க வேண்டுமென்றால் ஒரு ஆள் நின்று டிக்கியைத் தட்டித் தட்டி "வா, வா, வா" என்று கத்த வேண்டும். இருந்தாலும் சட்டையை இன் பண்ணியிருந்தவன் அவன்தானே. கேள்வி அவனுக்குத்தான் போகும்.

எங்களுக்குத் தேவை புதர் வெட்டும் கருவி. என் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நாலு ஏக்கர் கிடக்கிறது. அப்பா போன பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவில் வந்த நிலம். பதினோரு வருஷமாக அது பிரிக்கப்படவில்லை. "பிரிச்சுக்கலாம்டா" என்று நான் சொல்லும்போதெல்லாம் அவன், "இரு அக்கா, பார்க்கலாம்" என்பான். அவன் பார்க்கலாம் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்ததில் முள் என் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டது. நடுவில் பாம்பு குடும்பம் நடத்துகிறது. எனக்கு ஐந்து மாடுகள். தீவனத்தை வெளியில் வாங்குகிறேன். கட்டுக்கு நடுவில் ஈரப்புல்லை வைத்து எடை கூட்டி என் தலையில் கட்டுகிறான் தீவனக்காரன். சொந்தமாக நிலத்தை வைத்துக்கொண்டு இந்த அவதியெல்லாம் நான் பட வேண்டியிருந்தது.

எனக்கு ஆசை ஒன்றுதான். புதரை வெட்டி, என் பாதியில் தீவனப்புல் போட வேண்டும். வருஷத்துக்கு மூன்று தடவை அறுக்கலாம். இதை வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன், பால் எடுக்க வருகிறவரிடம் சொல்லியிருக்கிறேன். மாடுகளிடமும் சொல்லியிருக்கிறேன், இந்த விஷயத்தில் எதிர்க்கேள்வி கேட்காதது அவைதான்.

போன மாதம் தம்பியே போன் செய்தான். "அக்கா, அந்தப் புதரைச் சுத்தம் பண்ணிடலாம். கருவி நான் வாங்கித் தரேன். உன் வண்டில மாட்டி நீ ஓட்டு." "சரிடா," என்றேன். சந்தோஷம்தான், வேறென்ன. பதினோரு வருஷம் கழித்தாவது புத்தி வந்ததே என்று நினைத்தேன். அன்றைக்கு மாடுகளுக்குப் பிண்ணாக்கு ஒரு பிடி கூடுதலாகப் போட்டேன்.

மறுநாளே வேலையை ஆரம்பித்துவிட்டேன். வண்டியின் பின்னால் சுற்றுகிற கத்திக்குக் கண் கிடையாது. மரக்கட்டையில் மோதினால் கியர்பாக்ஸ் போகும். பழைய வேலிக்கம்பி சிக்கினால் ஷாஃப்டில் சுற்றிக்கொண்டு உயிரை வாங்கும். கல் பட்டால் அது எங்கே பறந்து யார் மண்டையில் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் வண்டி இறங்குவதற்கு முன்னால் ஓட்டுகிறவர் காலால் நிலம் முழுக்க நடந்து பார்த்து, மறைந்து கிடக்கிற ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் முள்ளுக்கு மேல் தெரிகிற மாதிரி உயரமான குச்சி நட்டு, அதில் துணி கட்ட வேண்டும். எங்கள் வீட்டுச் சிவப்புப் படுக்கை விரிப்பைக் கிழித்தேன். அறுபத்து நாலு துண்டு வந்தது. கையில் அரிவாள், காலில் வீட்டுக்காரரின் பூட்ஸ். மூன்று நாள் முள்ளுக்குள் புகுந்து புகுந்து அறுபத்து நாலையும் கட்டினேன். பழைய கிணற்றைச் சுற்றி மட்டும் நாலு. அந்தக் கிணற்றுக்குச் சுவர் கிடையாது. வாய் தரையோடு தரையாக இருக்கும். மேலே கொடி படர்ந்து மூடிவிட்டது. தெரியாதவன் நடந்தால் நேராக உள்ளேதான்.

இவ்வளவையும் முடித்துவிட்டுத்தான் கடைக்கு வந்திருந்தேன்.

கடையின் பின்பக்க முற்றத்தில் கருவிகள் வரிசையாகக் கிடந்தன. ஐந்தடி ரோட்டரி கட்டர் ஒன்று ஓரமாக இருந்தது. பார்வைக்கு ஒன்றும் பெரிய அழகி இல்லை. தடித்த தகரப் பெட்டி, அடியில் இரண்டு கத்தி. நான் தரையில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தேன். கத்திகள் தொங்கலாக மாட்டியிருந்தன. கட்டையில் பட்டால் மடங்கிக்கொள்ளும். நடுவில் கவிழ்த்த கடாய் மாதிரி ஒரு தட்டு. கட்டை வந்தால் கருவி அந்தத் தட்டின் மேல் வழுக்கிப் போய்விடும். முன்னும் பின்னும் சங்கிலித் திரை, கல் பறக்காமல் இருக்க. ஷாஃப்டைப் பிடித்து ஆட்டினேன். ஆட்டம் இல்லை. ஸ்லிப் கிளட்ச் இருந்தது. மோதினால் வழுக்கிக்கொடுக்கும், போல்ட் உடைந்து ஒவ்வொரு தடவையும் இறங்கி மாற்ற வேண்டாம். எனக்குப் பிடித்துவிட்டது. பெண் பார்க்கப் போனவர்கள் கூட இவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார்கள்.

தம்பி அங்கே வரவே இல்லை. நான் திரும்பி வந்தபோது அவன் முன்பக்கத்தில் பளபளவென்று நின்ற, மல்ச்சர் என்ற இன்னொரு கருவிக்கு முன்னால் படம் போட்ட புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"புதர் எவ்வளவு தடிமன் சார்?" என்றார் கடைக்காரர்.

நான் என் மணிக்கட்டை நீட்டினேன். அவர் அதையும் தம்பியின் மணிக்கட்டு மாதிரியே பார்த்தார்.

"அப்ப ரோட்டரி கட்டர்தான் சார் சரி. மல்ச்சர்ல சின்னச் சின்னச் சுத்தியலா நிறைய இருக்கும். கட்டைவிரல் தடிமன் வரைக்கும் அருமையா அரைக்கும். மணிக்கட்டுன்னா பெரிய மல்ச்சர் வேணும், அதை உங்க வண்டி இழுக்காது."

"வெட்டின பிறகு பார்க்க எப்படி இருக்கும்?" என்று தம்பி கேட்டான்.

"ரோட்டரின்னா கன்னாபின்னான்னு கிடக்கும். வேலைக்கு ஆகும், அழகு கிடையாது. மல்ச்சர்னா தூளாக்கிப் பரப்பிடும். கம்பளம் விரிச்ச மாதிரி இருக்கும் சார்."

"கம்பளம்," என்றான் தம்பி, அந்தச் சொல் வாயில் இனித்தது போல.

"எதுக்குடா கம்பளம்? மாடு அதுமேல உட்கார்ந்து டீயா குடிக்கப் போகுது?" என்றேன். கடைக்காரர் சிரித்தார். முதல் தடவையாக என் பக்கம் திரும்பிச் சிரித்தார். அந்தத் தைரியத்தில், "ஐயா, அந்த அஞ்சடி கட்டரைப் போடுங்க," என்றேன்.

அவர் ஒரு படிவத்தை எடுத்தார். "வாரண்டிக்கு எழுதணும். சொந்த நிலத்துக்கா, கூலிக்கு ஓட்டவா? சொந்தம்னா ஒரு வருஷம். கூலிக்குன்னா மூணு மாசம்தான். கூலி வண்டிங்க கருவியைப் பிழிஞ்சு எடுத்துடுவாங்க."

"சொந்த நிலம்," என்றேன். கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் எழுதிக்கொண்டார்.

"வெட்டு எப்படி? ஒரே தடவையா, வருஷா வருஷமா?"

"வருஷத்துக்கு மூணு தடவை," என்றேன் நான்.

"ஒரே தடவைதான்," என்றான் தம்பி.

இரண்டும் ஒரே சமயத்தில் வந்து விழுந்தன. கடைக்காரர் பேனாவை எடுத்துவிட்டு அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இருபது வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிற மனுஷன். அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்குத்தான் இன்னும் ஒரு நிமிஷம் ஆயிற்று.

"அக்கா, கொஞ்சம் வெளிய வா," என்றான் தம்பி.

முற்றத்தில் அந்த ரோட்டரி கட்டருக்குப் பக்கத்திலேயே நின்றோம். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். பொய் சொல்வதற்கு முன்னாலும் துடைப்பான், உண்மை சொல்வதற்கு முன்னாலும் துடைப்பான். சின்ன வயசிலிருந்தே எது வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

"நிலத்தை வாங்க ஒரு பார்ட்டி வந்திருக்காங்க. நல்ல பார்ட்டி. மொத்தமா கேக்கறாங்க. அளக்க ஆள் வந்தாங்க, உள்ள நுழைய முடியலன்னு திரும்பிப் போயிட்டாங்க. அதான் சுத்தம் பண்ணணும்."

"என்கிட்ட எப்பச் சொல்றதா இருந்த?"

"சுத்தம் பண்ணி முடிச்சதும்."

"அதாவது நான் சுத்தம் பண்ணி முடிச்சதும்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டான். நான் சொந்தமாகப் புல் போடப் போகிறேன் என்ற நினைப்பில் வண்டியை ஓட்டி, முள்ளை வெட்டி, கம்பளம் விரித்து வைக்க வேண்டும். பிறகு இவன் வந்து சொல்வான். அந்தக் கட்டரின் தகரப் பெட்டி மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

"என் பாதியைப் பிரிச்சுக் குடுத்துடு. உன் பாதியை யாருக்கு வேணா வித்துக்கோ."

"பிரிச்சா ரோட்டு முகப்பு போயிடும் அக்கா. அவங்களுக்கு முழுசா வேணும்."

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தான். "அப்பா ஆஸ்பத்திரில இருந்தப்ப நீ பவர் பத்திரம் எழுதிக் குடுத்தியே அக்கா. பின்னால வர்ற சொத்துக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கு, அது போதுமாம். அக்ரிமென்ட் போன மாசமே போட்டாச்சு. உன் பங்குப் பணம் பதிவு முடிஞ்சதும் வந்துடும்."

கொடுத்தேன்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில், அப்பாவுக்கு மூச்சுத் திணறிக்கொண்டிருந்த நேரத்தில், அலைச்சல் மிச்சம் என்று சொல்லி நாலு காகிதத்தை நீட்டினான். தம்பிதானே என்று ஒரு வரி கூடப் படிக்காமல் போட்டேன். ஒரு கட்டரின் ஷாஃப்டில் ஆட்டம் இருக்கிறதா என்று தரையில் உட்கார்ந்து பார்க்கிறவள், நாலு ஏக்கருக்கு நின்றபடியே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

"என் வண்டி வராது. நானும் வர மாட்டேன்," என்றேன்.

"பரவாயில்ல. பெரிய மல்ச்சரோட வாடகைக்கு ஆள் கூப்பிட்டுக்கறேன்." கொஞ்சம் நிம்மதியாகவே சொன்னான். கம்பளம் கிடைத்துவிட்டதே.

கடைக்காரர் எழுதிய படிவத்தை என் கண் முன்னாலேயே இரண்டாகக் கிழித்தார். "பரவால்லம்மா," என்றார். எதற்குப் பரவாயில்லை என்று அவருக்கே தெரிந்திருக்காது.

வீட்டுக்காரர் மர அறுவை மில்லில் வேலை செய்கிறவர். ரம்பத்துச் சத்தத்தில் முப்பது வருஷம் இருந்து இருந்து, பேசுவதையே பாதியாகக் குறைத்துக்கொண்டவர். நான் கத்தியதை எல்லாம் கேட்டுவிட்டு, "பத்திரம் எழுதறவரைப் பார்க்கலாம்," என்றார். பார்த்தோம். அந்தப் பவரை இனி ரத்து செய்தாலும் அக்ரிமென்ட் நிற்கும், கேஸ் போட்டால் உங்கள் காலத்தில் முடியாது என்று அவர் மிகவும் மரியாதையாகச் சொன்னார். அவரும் என் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் சொன்னார்.

திங்கட்கிழமை காலையில் நான் கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்தேன். பின்பக்கம் பெரிய வண்டி ஒன்று வந்து நிற்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். ஆனால் காதை என்ன செய்வது? கொட்டகைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் நிலம்.

"தரையில என்ன சார் இருக்கு? கல்லு, கம்பி, கிணறு, ஏதாவது?" வண்டி ஓட்டி வந்தவரின் குரல். விஷயம் தெரிந்தவர், சரியான கேள்வியைக் கேட்டார்.

"கிணறு ஒண்ணு உண்டு. அதோ அந்த இடது கோடில. மத்தபடி வெறும் செடிதான், நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க." இது தம்பி.

என் கை நின்றுவிட்டது. கிணறு இடது கோடியில் இல்லை. வலது பக்கம், நடுவுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது நிலத்துக்கு வாசல் எதிர்ப்பக்கம். ரோடு வந்த பிறகுதான் வாசலை இந்தப் பக்கம் மாற்றினார் அப்பா. தம்பி மனசில் இன்னும் பழைய வாசலில்தான் நிற்கிறான். அங்கிருந்து பார்த்தால் இடது, இங்கிருந்து பார்த்தால் வலது. பதினோரு வருஷமாக அவன் உள்ளே கால் வைக்கவில்லை, அதனால் இது அவனுக்குத் தெரியவில்லை.

சரி, துணி இருக்கிறதே என்று நினைத்தேன். எழுந்து சுவருக்கு மேலே பார்த்தேன். முள் இருந்தது. ஒரு சிவப்பு கூட இல்லை. நாலு ஏக்கரிலும் ஒன்று கூட இல்லை.

மறுபடி உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. அந்த வண்டி கிணற்றில் இறங்கினால் விற்பனை நின்றுவிடும். ஒரு சாவு விழுந்த நிலத்தை யாரும் அத்தனை சீக்கிரம் வாங்க மாட்டார்கள். நான் எதையும் செய்ய வேண்டாம். பால் கறந்துகொண்டிருந்தால் போதும். ஒரு காம்பில் பால் வற்றும் வரை அந்த நினைப்போடு அங்கேயே இருந்தேன். மாடு காலை மாற்றி வைத்தது. சுவர் இடுக்கு வழியாகப் பார்த்தபோது வண்டிக்காரர் தன் சாப்பாட்டுப் பையைக் கொண்டுபோய், எறும்பு ஏறாத கிளையாகத் தேடி, ஒன்று சரியில்லை என்று இன்னொன்றில் மாட்டிக்கொண்டிருந்தார். நரைத்த மீசை. ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார். பால் வாளியை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்.

"வண்டியை நிறுத்துங்க!"

தம்பி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தான். "அக்கா, தயவுசெஞ்சு தகராறு பண்ணாத. பார்ட்டி புதன்கிழமை வர்றாங்க. பத்திரம் எல்லாம் சரியா இருக்கு, நீ தலைகீழா நின்னாலும்..."

"துணி எங்கடா?"

"எந்தத் துணி?"

"செவப்புத் துணி. அறுபத்து நாலு."

"ஓ, அதுவா." முகம் மலர்ந்தது. "நேத்தே குச்சியெல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு, துணியை எடுத்துட்டேன். போட்டோ அனுப்பச் சொன்னாங்க, பார்க்கக் குப்பை மாதிரி இருந்துச்சு. நானே உள்ள போய் எடுத்தேன் அக்கா. கையெல்லாம் கிழிஞ்சு போச்சு, பாரு." கையைக் காட்டினான். உண்மையாகவே கிழிந்திருந்தது. வாசலில் ஒரு சாக்கு, வாய் கட்டி, ஒழுங்காக நின்றது. பதினோரு வருஷத்தில் ஒரு நாள் உள்ளே போயிருக்கிறான். போய் அதைச் செய்திருக்கிறான்.

"கிட்டக்கிட்ட நாலு துணி கட்டியிருந்த இடத்துல நின்னியா?"

"நின்னேன். ஏன்?"

நான் ஒரு கல்லை எடுத்தேன். இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வலது பக்கம் முள்ளை விலக்கி நடந்து, கொடிகளுக்கு நடுவில் அந்தக் கல்லைப் போட்டேன். இலை அசைந்தது. பிறகு ஒன்றும் இல்லை. பிறகு அடியில் எங்கேயோ ஒரு சத்தம் வந்தது.

தம்பி முகத்தில் ஈயாடவில்லை. வண்டிக்காரர் தரையைப் பார்த்தார், தன் வண்டியைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். திட்டவில்லை. "சாக்கை எடுத்துட்டு வாங்கம்மா, நானும் கட்டறேன்," என்றார்.

சாக்கில் அறுபத்தொன்றுதான் இருந்தது. மீதி மூன்றுக்கு என் முந்தானையைக் கிழித்தேன். ஒவ்வொரு கட்டையாக, கல்லாக, கம்பியாக நினைவில் தேடித் தேடி மறுபடி குச்சி நட்டுக் கட்டினோம். அந்த நிலம் எனக்கு அத்துப்படி. இல்லாமல் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மதியம் தாண்டிவிட்டது. நடுவில் தம்பி இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஒரு தடவை, "தேங்க்ஸ் அக்கா," என்றான். அவனை அதே கிணற்றில் தள்ளிவிடுவேன் போலிருந்ததால் நான் அடுத்த குச்சிக்கு நகர்ந்துவிட்டேன்.

வெட்டு அன்றைக்குப் பாதி, மறுநாள் பாதி. நான் ஓரமாக நின்று, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று கை காட்டினேன். வண்டிக்காரர் ஒரு துணியைக் கூட உரசவில்லை. எல்லாம் முடிந்தபோது கடைக்காரர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. கம்பளம். நாலு ஏக்கரும் பொன்னிறத் தூளாகக் கிடந்தது. அங்கங்கே குச்சியில் சிவப்பு, கிணற்றைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் முள், அதில் நாலு. நிலம் இவ்வளவு சமமாக இருக்கும் என்று நானே நினைக்கவில்லை. புல் போட எவ்வளவு தோதான இடம் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

புதன்கிழமை பார்ட்டி வந்தது. தொப்பி போட்ட ஒருவர், கூட இரண்டு பேர், அளக்கிறவர்கள் தனியாக. நான் சாணம் அள்ளிக்கொண்டிருந்தேன். தம்பி கொட்டகை வரைக்கும் அவர்களைக் கூட்டிவந்தான்.

"இவங்கதான் எங்க அக்கா. அந்தச் செவப்புத் துணியெல்லாம் கட்டினது இவங்கதான். இந்த நிலத்துல எங்க என்ன இருக்குன்னு இவங்களுக்குக் கண்ணை மூடிக்கிட்டாலும் தெரியும்."

தொப்பிக்காரர் நல்ல மனுஷர். அதுதான் கொடுமை. சாணக் கையைப் பார்த்துவிட்டு வணக்கம் வைத்தார். என்னைப் பார்த்துப் பேசினார், தம்பியைப் பார்த்து அல்ல. "நாங்க இப்ப எதுவும் கட்டப் போறதில்லம்மா. அஞ்சாறு வருஷம் சும்மாதான் கிடக்கும். ஆனா மறுபடி புதர் மண்டிடக் கூடாது. வருஷத்துக்கு மூணு தடவை வெட்டி விட்டாப் போதும். உங்ககிட்ட டிராக்டர் இருக்காமே? நீங்களே பண்ணுங்களேன். கூலி குடுத்துடறோம். வர்ற புல்லையும் நீங்களே எடுத்துக்குங்க."

தம்பிக்கு முகமெல்லாம் பல். "பார்த்தியா அக்கா? நீ கேட்ட மாதிரியே ஆயிடுச்சு!"

கிண்டல் செய்யவில்லை அவன். நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், கிண்டல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். எனக்கு நல்லது செய்துவிட்டதாக அவன் முழு மனசாக நம்பினான். வருஷத்துக்கு மூன்று தடவை, புல், மாடு, டிராக்டர். நான் கேட்டதில் ஒன்றும் குறையவில்லை, நிலத்தைத் தவிர.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றேன்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றான்.

யோசிக்க ஒன்றும் இல்லைதான். ஐந்து மாடுகள். ஈரப்புல் தீவனக்காரன் விலையை மறுபடி ஏற்றியிருந்தான். ரோஷத்தைத் தொட்டியில் கொட்டினால் மாடு மோந்துகூடப் பார்க்காது. அந்தப் புல்லை வேறு யாரோ வெட்டிக்கொண்டு போவதைக் கொட்டகைச் சுவருக்கு மேலே வருஷத்துக்கு மூன்று தடவை பார்க்க என்னால் முடியாது. பத்து நாள் என்னை நானே திட்டிக்கொண்டேன். பதினோராவது நாள் டிராக்டரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். இந்தத் தடவை தனியாக.

"வாங்கம்மா," என்றார் கடைக்காரர். வேறு யாரும் இல்லாததால் கேள்விகள் எல்லாம் எனக்கே வந்தன. ஐந்தடி ரோட்டரி கட்டர் அதே ஓரத்தில் கிடந்தது. ஷாஃப்டை ஆட்டிப் பார்த்தேன், கடாய்த் தட்டைத் தட்டிப் பார்த்தேன். இத்தனை நாளில் எதுவும் மாறவில்லை.

புதுப் படிவம் எடுத்தார். வண்டி எத்தனை ஹெச்.பி. என்று நான் சொல்லாமலேயே நினைவு வைத்து எழுதினார். "வெட்டு ஒரே தடவையா, வருஷா வருஷமா?"

"வருஷத்துக்கு மூணு தடவை."

"அப்படிப் போடுங்க. எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சு போல," என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே அடுத்த வரியில் 'சொந்த நிலம்' என்று எழுதிவிட்டார். போன தடவை நான் போட்ட சத்தம் அவருக்கு மறக்கவில்லை.

"அது இல்ல. கூலிக்கு," என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப வாரண்டி மூணு மாசம்தான்மா."

"தெரியும். எழுதுங்க."

எழுதியதன் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 'கூலி' என்று எழுதினார். படிவத்தை என் பக்கம் திருப்பி, அடித்த இடத்தில் ஒரு கையெழுத்து வேண்டும் என்றார். பேனாவை வாங்கிக்கொண்டு, மேலிருந்து கீழ் வரை ஒரு வரி விடாமல் படித்தேன். படித்துவிட்டுப் போட்டேன்.